துன்பத்தின் பயன் குறித்து ஓர் ஆட்சேபம்

துன்பம் மனிதனை ஆழப்படுத்துகிறது என்ற நம்பிக்கையை நிரூபிக்க நம் எழுத்தாளர்களில் யாரும் சிரமப்பட்டதில்லை. நிரூபணம் வேண்டாத அளவுக்கு அது நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. கடவுளைக் கைவிட்டவனும், கர்மவினையைக் கைவிட்டவனும், சரித்திரம் கடைசியில் நல்லபடியாக முடியும் என்ற எண்ணத்தைக் கைவிட்டவனும்கூட இந்த ஒன்றை மட்டும் விடுவதில்லை. பட்டினி கிடந்தவனின் வரிகளில் ஒரு கனம் இருக்கிறது என்கிறோம். வசதியானவனின் வரிகளில் கனம் தென்பட்டுவிட்டால், அவனுக்கும் எங்கோ ஒரு ரகசியத் துயரம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்கிறோம். எந்தச் சாட்சியத்தாலும் தோற்கடிக்க முடியாத கருத்து இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

வாதங்களால் அல்ல, உவமைகளால்தான் இந்த நம்பிக்கை உயிர் வாழ்ந்து வருகிறது. நெருப்பிலிட்ட பொன், அரைத்த சந்தனம், உளிபட்ட கல். மூன்றுக்கும் வலி கிடையாது. கல்லுக்குள் சிலையைப் பார்த்தவன் சிற்பி. கல் எதற்காகவும் காத்திருக்கவில்லை. வள்ளுவர் பொன்னையும் நெருப்பையும் கொண்டுவருவது தவம் என்ற அதிகாரத்தில், அதாவது ஒருவன் தானே தேர்ந்து ஏற்றுக்கொண்ட நோன்பைப் பற்றிப் பேசும்போது. அந்த உவமையைப் பிய்த்தெடுத்து, வேலை போனவனிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும் ஆறுதலாக நீட்டியது பின்னால் வந்தவர்களின் காரியம். மேற்கில் இதே காரியத்துக்கு நீட்ஷே பயன்படுகிறார். கொல்லாமல் விட்ட துன்பம் பலம் தரும் என்ற கருத்தை அவர் எழுதியது 1888இல். 1889 ஜனவரியில் டூரின் நகரில் அவர் மனம் சிதைந்துபோயிற்று. 1900இல் இறக்கும்வரை முதலில் தாயும் பின்பு தங்கையும்தான் அவரைப் பராமரித்தார்கள். இதைச் சொல்வது கேலிக்காக அல்ல. அந்த வாசகத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பதினோரு வருஷங்களைச் சேர்த்துக் காட்டுவதில்லை என்பதைக் குறித்துவைக்கத்தான்.

இப்போது உயிருள்ள உவமை ஒன்று கிடைத்திருக்கிறது. சிறிது நேரம் பிராணவாயு மறுக்கப்பட்ட இருதயத் தசை, பின்னால் வரும் நீண்ட மறுப்பைக் கூடுதலாகத் தாங்குகிறது என்ற கண்டுபிடிப்பு. என்னிடம் இதை முதலில் சொன்னவர் ஒரு கவிஞர். சொல்லிவிட்டு, “பார்த்தீர்களா, செல்லுக்கே தெரிந்திருக்கிறது” என்றார். செல்லுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று பார்ப்பதில் சில மாதங்களைச் செலவிட்டேன். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு உயிர்வேதியியல் சுலபத்தில் பிடிபடுவதில்லை. ஆனால் ஒரு வாசகம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது எந்தத் துறையிலும் ஒரே வேலைதான்.

இருதயத் தசையின் ஒரு செல்லை எடுத்துக்கொண்டால், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்டிரியாக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இருதயம் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குபோல, அவற்றிலிருந்து ஏ.டி.பி. என்ற மூலக்கூறாக வருகிறது. ஏ.டி.பி.யை செல்லின் நாணயம் என்று பாடப்புத்தகங்கள் வர்ணிக்கின்றன. வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. நாணயத்தைச் சேர்த்துவைக்கலாம், வட்டிக்கு விடலாம், பரணில் ஒளிக்கலாம். ஏ.டி.பி.யை எதுவும் செய்ய முடியாது. மனித இருதயம் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி. சுமார் 6 கிலோ என்கிறார்கள். எந்த ஒரு கணத்திலும் கையிருப்போ பத்து விநாடிச் செலவுக்குக்கூடக் காணாது. இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அன்றைய கூலியை அன்றே வாங்கித் தின்கிற உறுப்பு.

இந்த மூலக்கூறு எப்படி உண்டாகிறது என்பதை ஆங்கிலேயரான பீட்டர் மிட்சல் 1961இல் ஊகித்துச் சொன்னார். நெடுநாள் அதை யாரும் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே நோபல் பரிசு தந்தார்கள். மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பிராணவாயுவிடம் போய்ச் சேருகின்றன. அந்த ஓட்டம் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்டவை திரும்பி உள்ளே வர ஒரு புரோட்டீன் இயந்திரத்தின் வழியாகத்தான் வரவேண்டும். அவை வரும் வேகத்தில் இயந்திரம் சுழல்கிறது, சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது. அணைக்கட்டும் மின்நிலையமும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் ஒன்று அடைபட்டால் இந்த வரிசையின் கடைசிக் கை இல்லாமல் போகிறது. எலக்ட்ரான்கள் நிற்கின்றன, புரோட்டான்களைத் தள்ள ஆளில்லை, அணையில் நீர் வற்றுகிறது. அடுத்து நடப்பதுதான் என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. இயந்திரம் நிற்பதில்லை. பின்னோக்கிச் சுற்ற ஆரம்பிக்கிறது. ஏ.டி.பி.யை உண்டாக்கிவந்த அதே இயந்திரம், மிச்சமிருக்கும் ஏ.டி.பி.யைத் தின்று, அந்தச் சக்தியில் புரோட்டான்களைத் திரும்ப வெளியே இறைக்கிறது. வற்றிய அணையை நிரப்ப ஊரின் கடைசிக் குடத்துத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுவதுபோல. ரத்தம் நின்ற நாய் இருதயத்தில் ஏ.டி.பி. செலவில் மூன்றில் ஒரு பங்கு இந்த வழியில் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலை தன் அமைப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைத் தின்கிறது.

இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. புல்மன், மன்ராய் என்ற இருவர் 1963இல் கண்டறிந்த ஒரு சின்னப் புரோட்டீன் அது. பிராணவாயு இல்லாத செல்லில் அமிலம் ஏறுகிறது. அமிலம் ஏறியதும் அந்தப் புரோட்டீன் இயந்திரத்துக்குள் ஆப்புபோலச் சொருகிக்கொண்டு, பின்னோக்கிய சுழற்சியை நிறுத்துகிறது. தசை சுருங்குவதையும் செல் ஏறத்தாழ முதல் நிமிஷத்துக்குள் கைவிட்டுவிடுகிறது. ஆக, பஞ்ச காலத்தில் செல் பிழைப்பது போராட்டத்தால் அல்ல, வேலைநிறுத்தத்தால். இதில் வீரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். துடிக்கும் முயற்சியைத் தொடர்கிற இருதயத்தைவிட, துடிப்பதை விட்டுவிட்ட இருதயம் சற்று அதிக நேரம் உயிரோடிருக்கிறது.

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர் செய்து 1986இல் வெளியிட்ட பரிசோதனைதான் நம் கவிஞரின் உவமைக்கு ஆதாரம். மயக்க மருந்து கொடுத்து மார்பைத் திறந்த நாய்களில் ஒரு ரத்தக்குழாயை 40 நிமிஷம் அடைத்தார்கள். ஆபத்துக்குள்ளான தசையில் நூற்றுக்கு சுமார் 29 பங்கு செத்தது. வேறு சில நாய்களில் அதற்குமுன் 5 நிமிஷம் அடைப்பு, 5 நிமிஷம் ரத்தம் என்று நான்கு முறை செய்துவிட்டு, பிறகு அதே 40 நிமிஷ அடைப்பைச் செய்தார்கள். செத்த தசை சுமார் 7 பங்குதான். மொத்தத்தில் 20 நிமிஷம் அதிகமாகப் பட்டினி கிடந்த இருதயத்துக்கு நான்கில் ஒரு பங்குச் சேதம்.

பிரமிக்க வைக்கிற விஷயம்தான். அந்தப் பிரமிப்பில் பலர் அதே கட்டுரையின் மறுபாதியைப் படிக்கவில்லை. 40 நிமிஷத்துக்குப் பதில் 3 மணி நேரம் அடைத்தபோது, பழக்கப்பட்ட இருதயத்துக்கும் பழக்கப்படாத இருதயத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஆசிரியர்கள் தலைப்பிலேயே ஜாக்கிரதையாக இருந்தார்கள்: மரணத்துக்குக் கிடைக்கும் ஒரு தாமதம் என்றுதான் அதை அழைத்தார்கள். பலம் என்று சொல்லவில்லை. தாமதம் என்ற சொல்லுக்கும் பலம் என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கத் தெரியாதவன் கவிதையைப் பற்றியும் பேசாமல் இருப்பது நல்லது.

அந்தத் தாமதமும் நிலைப்பதில்லை. முதல் பாதுகாப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலைந்துபோகிறது. ஒரு நாள் கழித்து மங்கலாக மறுபடி தோன்றி மூன்று நாளில் அதுவும் போய்விடுகிறது. இருதயம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அனுபவம் என்ற சொல்லை நாம் எந்த அர்த்தத்தில் உபயோகிக்கிறோமோ அந்த அர்த்தத்தில் அங்கே அனுபவம் ஏதும் சேகரமாகவில்லை. சிறு வயதுக் கஷ்டம் நாற்பது வயதில் ஒருவனைக் காக்கிறது என்று சொல்ல இந்தச் செல்லைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது. வியாழக்கிழமைக்குமேல் அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத சாட்சி.

நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. அந்த நான்கு அடைப்புகளுக்கு நடுவே என்ன இருந்தது? ரத்தம் இருந்தது. ஒவ்வொரு ஐந்து நிமிஷப் பட்டினிக்கும் ஐந்து நிமிஷ ரத்தம். அந்த இடைவேளைகளை எடுத்துவிட்டால் நான்கு சிறு அடைப்புகள் ஒரு பெரிய அடைப்பாகிவிடும். பாதுகாப்பு என்பதற்கே இடமிருக்காது. அடினோசின் முதலிய பொருள்கள் பட்டினியின்போது செல்லின் மேற்பரப்பைத் தட்டித் தரும் சமிக்ஞை உள்ளே கைமாறி மைட்டோகாண்டிரியாவைச் சேர்கிறது. ரத்தம் திரும்பியபோது வரும் பிராணவாயுவுக்கும் அந்தச் சங்கிலியில் பங்குண்டு. பாடம் நடப்பது, அப்படி ஒன்று நடப்பதாக வைத்துக்கொண்டால், பட்டினியில் மட்டுமல்ல, சாப்பாட்டிலும்.

எங்கள் வட்டத்தில் இருந்து இறந்துபோன ஒரு கவிஞரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம், அறிந்தவர்கள் அறிவார்கள். அச்சகங்களில் புரூஃப் பார்த்து ஜீவித்தவர். வேலை இருந்த வருஷங்கள் கொஞ்சம், இல்லாத வருஷங்கள் அதிகம். அவருடைய இரங்கல் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் ஏதோ ஒரு விதத்தில், வறுமைதான் அவரைச் செதுக்கியது என்றார்கள். ஒருவர் வறுமைக்கு நன்றி என்றே சொன்னார்; கைதட்டல்கூட எழுந்தது. வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதைகளின் தேதிகளை அவருடைய நோட்டுப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் ஓர் அச்சகத்தில் அவருக்கு மாதச் சம்பளம் கிடைத்த மூன்று வருஷங்களில் எழுதியவை. கடைசி ஆறு வருஷத்துப் பக்கங்களில் பாக்கி விவரங்கள் இருந்தன, மருந்துச் சீட்டின் எண்கள் இருந்தன, தொடங்கி நின்றுபோன முதல் வரிகள் இருந்தன. அவரைச் செதுக்கியது எது என்று எனக்குத் தெரியாது. எழுதவைத்தது அந்தச் சம்பளம் என்று தேதிகள் சொல்கின்றன.

இதற்கு எதிர்வாதம் எனக்குத் தெரியும். கஷ்டத்தை முன்பே பட்டிருந்ததால்தான் அந்த மூன்று வருஷத்தில் அப்படி எழுத முடிந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அப்படியானால் அவர்கள் நன்றி சொல்ல வேண்டியது வறுமை முடிந்த நாளுக்கு. மேலும், கஷ்டப்பட்டு எழுதாமலே போனவர்களின் கணக்கு எங்கே? அவர்களுக்கு இரங்கல் கூட்டம் நடப்பதில்லை, நோட்டுப்புத்தகமும் கிடைப்பதில்லை. 1948இல் தன் 42ஆம் வயதில் க்ஷயரோகத்தால் இறந்த புதுமைப்பித்தனை நாம் நோயோடு சேர்த்தே நினைக்கிறோம், நோய் அவருடைய நடையின் ஒரு குணம் என்பதுபோல. அந்த நோய் பறித்துக்கொண்ட முப்பது வருஷத்து எழுத்தை யாரும் தொகுத்துப் பதிப்பிக்கப்போவதில்லை.

ரத்தம் திரும்புவதைப் பற்றிச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. நீண்ட அடைப்புக்குப் பிறகு ரத்தம் திரும்புகிற முதல் சில நிமிஷங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பட்டினியின்போது செல்லில் சக்ஸினேட் என்ற பொருள் குவிந்துகிடக்கிறது. பிராணவாயு வந்ததும் மைட்டோகாண்டிரியா அதை வெறிகொண்டு எரிக்கிறது. எலக்ட்ரான்கள் தவறான திசையில் தள்ளப்பட்டு, பிராணவாயுவே நச்சு வடிவம் எடுக்கிறது. 2014இல் வெளிவந்த ஆய்வு இதை விளக்கிற்று. இதோடு கால்சியமும் உள்ளே பெருகுகிறது. அதுவரை ஒரு வாயிலை மூடிவைத்திருந்த அமிலமும் கழுவப்பட்டுப் போகிறது. மைட்டோகாண்டிரியாவின் சவ்வில் அந்த வாயில் திறக்கிறது. அது எந்தப் புரோட்டீனால் ஆனது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் திறந்தால் அணை உடைந்த மாதிரிதான், செல் மரணம். விலங்குச் சோதனைகளில் மொத்தச் சேதத்தில் பாதிவரை இப்படித் திரும்பிய ரத்தத்தால் நேர்வது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிஷப் பழக்கம் செய்கிற உபகாரம் பெரும்பாலும் இங்கேதான்: அந்த வாயில் திறப்பதற்கான வரம்பைச் சற்று உயர்த்திவிடுகிறது. தமிழில் பிராணன் என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டிருக்கும் வாயு, இல்லாதபோது பாதியையும் வந்தபோது பாதியையும் கொல்கிறது.

இதைக் கேட்டதும் இரண்டாவது உவமைக்கு ஆள் தயாராக இருப்பார். விருது வந்ததும் எழுத்து போயிற்று, சம்பளம் வந்ததும் கோபம் போயிற்று என்று சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். நானும் வங்கியில் சேர்ந்த புதிதில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ரத்தம் திரும்புவதில் இவ்வளவு ஆபத்து இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, ஆகவே குழாயை அடைத்தபடியே விட்டுவிடலாம் என்று உலகத்தில் ஒரு டாக்டர்கூட முடிவு செய்யவில்லை. திறக்காவிட்டால் அத்தனை செல்லும் சாகும். எவ்வளவு சீக்கிரம் திறப்பது, திறக்கும்போது சேதத்தை எப்படிக் குறைப்பது, இவை மட்டுமே அவர்களுடைய கேள்விகளாக இருந்தன. உதவியால் கெடுதல் வருகிறது என்பதிலிருந்து உதவாமை என்ற முடிவுக்குத் தாவுவது இலக்கியவாதிகளுக்கு மட்டுமே சாத்தியமாகியிருக்கிற தர்க்கம்.

சேதத்தைக் குறைக்கும் முயற்சிகள் என்னாயின என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வாயிலை மூடிவைக்கும் குணம் சைக்ளோஸ்போரின் என்ற மருந்துக்கு உண்டு. 2008இல் 58 நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில் அது பலன் தந்தது. 2015இல் 970 பேரிடம் செய்தபோது பலனில்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, இறுக்கித் தளர்த்தி, இருதயத்துக்குத் தொலைவிலிருந்தே அந்தப் பழக்கத்தைக் கொடுக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. 2019இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். அதிலும் வித்தியாசமில்லை. நாயில் அவ்வளவு தெளிவாக இருந்தது மனிதனில் ஏன் கரைந்துபோகிறது? சொல்லப்படும் காரணங்களில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பரிசோதனை மிருகங்கள் பெரும்பாலும் இளமையானவை, வேறு நோயற்றவை. மாரடைப்போடு வருகிற மனிதன் வயதானவன், சர்க்கரை வியாதிக்காரன், ஏற்கெனவே நாலு மருந்து சாப்பிடுகிறவன். மாரடைப்புக்குமுன் வரும் சிறு நெஞ்சுவலிகள் இளையவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருவதாகவும், முதியவர்களிடம் அது மங்கிவிடுவதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. துன்பத்திலிருந்து லாபம் எடுக்கக்கூட முன்கூட்டி ஒரு முதலீடு வேண்டியிருக்கிறது: நல்ல ரத்தம், இளம் செல், போதிய இடைவேளை. ஒன்றுமில்லாதவனுக்குத் துன்பம் துன்பமாகவே மிஞ்சுகிறது.

அளவையும் கையையும் பற்றி யாரும் பேசுவதில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது நிமிஷம் வந்ததும் ஒரு கை அடைப்பை நீக்கியது. கடிகாரம் பார்த்து நீக்கியது. உலகத்தில் நாம் காணும் துன்பங்களில் எத்தனைக்கு அப்படி ஒரு கை இருக்கிறது? சிறைக்கு, பசிக்கு, வேலையின்மைக்கு ஐந்து நிமிஷக் கணக்கு கிடையாது. துன்பத்தைப் பயிற்சி என்று அழைக்கிறவன், தன்னை அறியாமலேயே, எங்கோ கடிகாரத்தோடு ஒருவர் நிற்கிறார் என்று அனுமானித்துக்கொள்கிறான். கடவுளைக் கைவிட்ட நம் நவீனர்களின் எழுத்தில் அந்த ஒருவர் இப்படித்தான் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறார்.

நெஞ்சுவலியை 1772இல் முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். அவர் இறந்தபின் 1802இல் வெளிவந்த அவருடைய மருத்துவக் குறிப்புகளில், தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டு ஏறத்தாழக் குணமாகிவிட்ட ஒரு மனிதன் வருகிறான். 1986இன் முன்னோடி என்று அவனைச் சிலர் காட்டுகிறார்கள். என் கவிஞ நண்பருக்கும் அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும் பிடித்திருக்கிறது. அந்த அரைமணியை அவனுக்கு யாரும் விதிக்கவில்லை, மரம் அவன் தேர்ந்தது, நெஞ்சு இறுகினால் அவன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.